கஞ்சி வடிக்கையில் பிளந்த கடல்

தெபோராள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சட்டியில் தண்ணீர் ஊற்றி, விரல்விட்டு அளைந்து, சாய்த்து ஊற்றினாள். அந்தச் சத்தம் கேட்டதும், சுவரோரமாக மணைப்பலகையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் குருபாதம், தண்ணீருக்கு மேலே பூமியை விரித்தவரைப் பற்றிய சங்கீத வரியைச் சொன்னார்.

“அதுக்குப் பெறகு?” என்றாள்.

அவருக்கு வரவில்லை. அவளும் சொல்லிக்கொடுக்கவில்லை. புகைந்துகொண்டிருந்த அடுப்பை ஊதுகுழலால் ஊதினாள். சுள்ளி படபடவென்று பற்றியது.

“வெளிச்சம்,” என்றார் குருபாதம். “பெரிய வெளிச்சங்கள உண்டாக்குனவரு.”

“பத்திக்கிச்சு. மேல போங்க.”

முப்பத்தாறாம் வருஷம், தை மாதம். குருபாதம் செல்லூர்க் கண்மாய்க்கரையில் இருந்த சின்ன ஓட்டுக் கோயிலுக்கு உபதேசியார். கோயிலுக்கு வருகிறவர்கள் தறிக்காரர்களும் மில்லுக்குப் போகிறவர்களும். போதகர் மாசிலாமணி ஊருக்குள்ளிருந்து மாதத்துக்கு ஒரு தரம் ஜட்கா வண்டியில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் வேதம் வாசிப்பதும் ஜெபம் பண்ணுவதும் உபதேசியார் பொறுப்பு. அவர் வாசிப்பில் ஒரு நிதானம் இருக்கும். ராத்திரியெல்லாம் தறி மிதித்துவிட்டு வந்தவன்கூட அவர் வாசிக்கும்போது தூங்குவதில்லை.

அந்த வாசிப்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பூ விழுந்திருந்தால் எடுத்துவிடலாம், இது உள்ளே நரம்பு வாடுகிற வியாதி, மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆள் நிழலாடுவது தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், எழுத்து தெரியாது. இது புருஷன் பெண்டாட்டி இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்ல விடவில்லை.

“வாசிக்க முடியாதவனுக்கு அந்த மேசைக்குப் பின்னால என்ன வேலை?” என்று ஒரு நாள் கேட்டார். மறுநாள் காலையில் தெபோராள் மணைப்பலகையை அடுப்படியில் போட்டு, அவரைக் கைபிடித்து அதில் உட்கார வைத்தாள்.

அவளுக்கு மனப்பாடம் வந்த விதமே ஒரு கதை. அலங்காநல்லூர்ப் பக்கம் உழவு வேலை பார்த்தவரின் மகள். மதுரையில் மிஷன் விடுதி ஒன்றில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வசனங்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். தெபோராள் கையைக் கட்டினால் வாயும் கட்டிக்கொள்ளும். வசனம் வராதவளுக்குத் தண்டனை, விடுதிச் சமையல்கட்டில் மாவாட்டுவது. அவள் அநேகமாகத் தினமும் ஆட்டினாள். ஆட்டுகிற கோபத்தில் அந்த வராத வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டு குழவியைச் சுற்றுவாள். மாவு நைகிற நேரத்தில் வசனமும் நைந்து உள்ளே இறங்கியிருக்கும். ஆனால் சாயங்காலம் வகுப்பில் நிறுத்திக் கேட்டால் மறுபடியும் காணாது. மடியில் கைக்குட்டையைச் சுருட்டி, குழவி சுற்றுவதுபோல் சுற்றினால் வந்துவிடும். டீச்சர் அதைக் கண்டுபிடித்து அதற்கும் ஒரு நாள் மாவாட்டச் சொன்னார். தெபோராளுக்கு அது தண்டனையாகவே படவில்லை.

அப்போது பிடித்த பழக்கத்தைத்தான் இப்போது புருஷனுக்குத் திருப்பிவிட்டாள். ஒரு வசனத்துக்கு ஒரு வேலை. அன்பைப் பற்றி அப்போஸ்தலர் எழுதிய அதிகாரத்தை முறத்தில் அரிசி பொறுக்கியே சொல்லிக் கொடுத்தாள். அன்பு இன்னது செய்யாது, இன்னது செய்யாது என்று வரிசையாக வருமே, அந்த ஒவ்வொரு ‘செய்யாது’க்கும் ஒரு கல்லைப் பொறுக்கித் தகரக் குவளைக்குள் போடுவாள். ‘டிங்’ என்று கேட்கும். மலைப் பிரசங்கத்துப் பாக்கிய வசனங்களில் முதல் பாதியும் பின்பாதியும் மாறிப்போவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். அதற்குப் பானையும் மூடியும். சாந்தமுள்ளவர்களுக்குரிய மூடியைத் துயரப்படுகிறவர்கள் மேல் வைத்தால் பொருந்தாது, சத்தமே காட்டிக் கொடுத்துவிடும் என்பாள். நீளமான பகுதி என்றால் வாலிலிருந்துதான் தொடங்குவாள். கடைசி வசனம் முதலில், அதற்கு முந்தியது அடுத்து. அப்படிப் படித்தால் சொல்லிக்கொண்டு போகப் போகத் தெரிந்த பாதைக்குள்தான் நுழைவோம், வீடு நெருங்க நெருங்க மாடு வேகமாக நடக்கிற மாதிரி. தப்பு வந்தால் திருத்தமாட்டாள். முந்தின வேலையை மறுபடி செய்வாள். அவர் அங்கிருந்து வர வேண்டும்.

உபதேசியார் அடுப்படியைவிட்டு நகர்வதில்லை என்பது சீக்கிரமே சந்துக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சம்சாரம் பாண்டியம்மாள் சேலைக்கான பாவு நூலைக் கஞ்சியில் தோய்த்துக்கொண்டே மட்டச்சுவருக்கு மேலாகப் பார்ப்பாள்.

“மதினி, அண்ணனுக்கு எம்புட்டு ருசி பாத்தாலும் அடங்காதோ? அடுப்படிலேயே குடி இருக்காரு.”

“கிழவன் காய் நறுக்குனா எனக்கு வேலை மிச்சம். ஒன் வீட்டுக்காரரையும் ஒக்கார வையி.”

“அந்தாளு நறுக்குனா வெரல்தான் கொழம்புல கெடக்கும்.”

மாமிசமே தொடாத, சாமி கும்பிடுகிற வீடு பாண்டியம்மாளுடையது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வாசல் முழுக்கக் கோலம். ஆனால் மட்டச்சுவருக்கு எந்த மதமும் கிடையாது. அந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துச் சங்கீதமெல்லாம் அந்தப் பக்கம் போகும்.

மாசியில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைத்து, ஏலம்விட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைக்கு நன்றிச் சங்கீதம் ஒன்றை உபதேசியார் வரி வரியாக வாசிக்கவேண்டும், ஒவ்வொரு வரிக்கும் சபையார் கிருபையைப் பற்றிய ஒரே பதிலைச் சொல்லவேண்டும் என்று போதகர் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். தானும் வருவதாக.

குருபாதம் மிரண்டுபோனார். அந்தச் சங்கீதத்தின் சங்கடம் அந்தப் பதிலில்தான் இருந்தது. எல்லா வரிக்கும் அதே பதில் என்பதால், எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பதிலைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இருட்டில் ஒரே மாதிரி கதவு வைத்த வீடுகள் வரிசையாக இருப்பதுபோல.

தெபோராள் அதற்கு ஒரு முழுச் சமையலையே எடுத்துக்கொண்டாள். முதலில் மூன்று தரம் ஸ்தோத்திரம்: அடுப்புக்கல் மூன்று. வானம்: புகை. பூமி: அரிசி களைவது. சூரியன், நெருப்பு பற்றுவது. சந்திரன், உலையை மூடும் வட்டத் தட்டு. எகிப்திலிருந்து ஜனங்கள் புறப்படுவது, உலை பொங்கிவந்து மூடியைத் தள்ளுவது. செங்கடல் பிளப்பது, கஞ்சி வடிப்பது. வனாந்தரம், எண்ணெயில்லாத சட்டியில் மிளகாய் வறுப்பது. எதிர்த்துவந்த இரண்டு ராஜாக்கள், அந்த மிளகாயை உரலில் போட்டு இரண்டு இடி. சுதந்தரச் சொத்தாகக் கிடைத்த தேசம், தண்ணீர் தெளித்த வாழையிலை. கடைசியில் மாம்சமான எல்லாவற்றுக்கும் ஆகாரம் கொடுப்பது வருகிறது. அதற்கு அவள் ஒன்றும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அகப்பையைப் பானை விளிம்பில் தட்டிச் சோறு போட்டாள்.

மாதம் முழுக்க அந்த வீட்டில் தினமும் கடல் பிளந்தது. மட்டச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாண்டியம்மாள் விசாரிப்பாள்:

“மதினி, இன்னைக்கு ரெண்டு ராசாவும் செத்தாச்சா? எனக்குத் தும்மல் வரலையே.”

பண்டிகை நாளன்று தெபோராள் கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில், விருந்துச் சமையலில் இருந்தாள். உள்ளே உட்கார்ந்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். சமையல் கொட்டகை ஜன்னலுக்கு நேரே. உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். பாண்டியம்மாளும் ஏலத்தில் பூசணிக்காய் எடுக்கலாம் என்று வந்து, ஒரு ஓரமாக இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

குருபாதம் வாசிப்பு மேசையில் வேதத்தை விரித்துவைத்து, தலையைச் சற்றுக் குனிந்து தொடங்கினார். மூன்று ஸ்தோத்திரம். வானம். பூமி. சபையின் பதில் அலை மாதிரி வந்து வந்து போயிற்று. சூரியன், சந்திரன். எகிப்தைவிட்டுப் புறப்பட்டாயிற்று. வெளியே கொட்டகையில் இரண்டு பெண்கள் பெரிய அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்தார்கள். நல்ல சகுனம்போல அந்த நேரத்துக்குச் சரியாக உள்ளே கடல் பிளந்தது. துரத்திவந்த எகிப்து ராஜா பார்வோன் முழுகினான். ஜனங்கள் வனாந்தரத்துக்குள் காலெடுத்து வைத்தார்கள்.

அப்போது இரண்டாவது அண்டாவைச் சாய்த்தார்கள்.

வீட்டில் ஒரு பானைதான். ஒரு தரம்தான் வடிப்பது. விருந்துக்கு ஒரு அண்டா போதாது என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தோன்றவில்லை. கஞ்சி சளசளவென்று கொட்டுகிற சத்தம் ஜன்னல்வழியே போயிற்று. உள்ளே குருபாதத்தின் குரல் கொஞ்சமும் தடுமாறாமல் மறுபடியும் செங்கடலைப் பிளந்தது. சபை பதில் சொன்னது. பார்வோன் இரண்டாம் தரம் முழுகினான். பதில் சொல்லும்போது சில குரல்கள் குறைந்தன. எங்கேயோ ஒரு பிள்ளை சிரித்தது.

குருபாதம் நின்றுவிட்டார்.

தெபோராள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே சத்தமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராவது எழுந்து போய் அவருக்கு இடத்தைக் காட்டுவதற்காகப் பக்கத்தில் விரல் வைப்பார்கள். விரலை அவர் பார்க்கமாட்டார்.

அவள் ஓடிப்போய் உரலுக்குள் உலக்கையைப் போட்டாள். ‘ணங்’ என்று வெறும் கல் சத்தம்தான் வந்தது. மசாலாவெல்லாம் முந்தின நாளே வீடுகளில் இடித்துக் கொண்டுவந்தாயிற்று. வெறும் உரலின் சத்தத்தில் எந்த ராஜாவும் சாகமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி போட்டாள். உள்ளே அசைவில்லை.

பாண்டியம்மாள் துடைத்துக்கொண்டிருந்த இலையைக் கீழே போட்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. படையலுக்கு வந்து ஏலத்துக்காகச் சாத்திவைத்திருந்த மிளகாய் வற்றல் சாக்கில் கையைவிட்டு, அள்ளின மட்டும் அள்ளி உரலில் போட்டாள்.

“ஆண்டவருக்கு வந்த சாமானுத்தா அது!” என்றாள் அண்டாப் பக்கம் நின்ற ஒருத்தி.

“அவருக்குத்தான் இடிக்கிறோம். நீ சும்மா இரு,” என்றாள் பாண்டியம்மாள்.

தெபோராள் இடித்தாள். நெஞ்சுக்குள் இறங்குகிற ‘தொம்’ என்ற இடி. இடித்துவிட்டு உலக்கையைத் தூக்கியபடியே நின்றாள்.

உள்ளே முதல் ராஜாவின் பெயர் கேட்டது. சபை பதில் சொன்னது. பதில் முடியும்வரை பொறுத்து இரண்டாவது இடி. இரண்டாவது ராஜா. நெடி அதற்குள் ஜன்னல்வழியே ஏறிவிட்டது. பதில் சொல்லுகிறவர்கள் பாதி இருமலும் பாதி கிருபையுமாகச் சொன்னார்கள். பாண்டியம்மாள் வாழையிலையை உதறிச் சளப்பென்று தண்ணீர் தெளித்தாள். தேசம் சுதந்தரமாயிற்று. அதற்குப் பிறகு வாலிலிருந்து படித்த பாதை. அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. ஆனாலும் தெபோராள் அகப்பையை எடுத்து அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். அது அவருக்காக இல்லை. அப்படிச் செய்யாவிட்டால் அவளுக்குச் சங்கீதம் முடிந்தமாதிரி இருக்காது.

சாப்பாடெல்லாம் முடிந்து வெயில் தாழ்ந்ததும் போதகர் மாசிலாமணி உபதேசியார் வீட்டுக்கு வந்தார். கறாரான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தான் வாசிப்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததையும், விரித்த பக்கம் வேறே சங்கீதமாக இருந்ததையும், கடைசிவரை ஒரு தாள்கூடத் திரும்பாததையும் சொன்னார்.

குருபாதம் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம் தவணை வேண்டும், மகள் திண்டுக்கல்லில் இருக்கிறாள், அங்கே போய்க்கொள்கிறோம் என்றும் சொன்னார். தெபோராள் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.



“ஐயா, நீர் வாசிக்கலைங்கிறது எனக்குக் கஷ்டமில்ல. வாசிக்கிற மாதிரி நின்னீரே, அதுதான் ஒப்பல,” என்றார் போதகர். “புத்தகத்த மூடிவச்சிட்டுச் சொல்லும். ஆனா அடுத்த ஞாயிறு ஜனங்ககிட்ட நீரே வாயத் திறந்து சொல்லணும், கண்ணு போச்சுன்னு. அதச் சொன்னா மேசை ஒம்முடையது. சொல்லாட்டி நான் சொல்ல வேண்டி வரும்.”

புறப்படும்போது வாசலில் திரும்பி, அந்த மிளகாயை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தெபோராளிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு தரம் தும்மினார்.

மிளகாயை மறுநாளே கொடுத்தாயிற்று. ஏலத்தில் தான் எடுத்திருந்த பெரிய பூசணிக்காயைத் தெபோராள் இடுப்பில் சுமந்துகொண்டு பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனாள். பாண்டியம்மாளுக்குக் கூச்சமாகிவிட்டது.

“எதுக்கு மதினி இம்புட்டுப் பெருசு? ஒரு பிடி மொளகா அள்ளிப் போட்டதுக்கா? மாசம் பூரா தும்முனதுக்குன்னா வாங்கிக்கிறேன்.”

“அதுக்குத்தான்,” என்றாள் தெபோராள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று பட்டதால் காயை இறக்கிவைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு குருபாதம் மேசைக்குப் பின்னால் நின்று வேதத்தை மூடினார். தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். இனி கேட்டுப் படித்ததைத்தான் சொல்லமுடியும், சபைக்குச் சம்மதமில்லையென்றால் இறங்கிக்கொள்கிறேன் என்றார். பாயில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை என்ற தறிக்காரர் எழுந்தார். அவருக்கு இடக்காகத்தான் பேச வரும்.

“இத்தன வருஷமா குனிஞ்ச தலை நிமிராம புத்தகத்தப் பாத்தே வாசிச்சீக. இனிமேலாச்சும் எங்க பக்கம் மூஞ்சியத் திருப்பிச் சொல்லுங்க. கண்ணு தெரியாட்டியும் மூஞ்சி திரும்பும்ல.”

சபை சிரித்தது. குருபாதமும் சிரித்தார். தலையை நிமிர்த்தி அவர் அன்றைக்குச் சொன்னது அன்பைப் பற்றிய அதிகாரம். ஒவ்வொரு ‘செய்யாது’க்கும் அவருடைய வலது கை விரல்கள் கல்லைப் போடுவதுபோலத் தாமாகப் பிரிந்ததைத் தெபோராள் மட்டும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவர் சொன்னார். யுத்தம் வந்து அரிசி கிடைக்காமல் போன நாட்களில் கோதுமையையும் சோளத்தையும் கொடுத்தார்கள். கோதுமைக்குக் கஞ்சி வடிப்பது கிடையாதே, கடலுக்கு என்ன செய்வது என்று இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வடித்தாள். பாண்டியம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பஞ்ச காலத்தில் சுடுதண்ணியை வடிக்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். சொன்னாளே தவிர, அவள் வீட்டில் அரிசி அகப்பட்ட அன்று, வடிக்கிறதை இந்தப் பக்கம் வந்து வடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு பானையோடு வந்தாள். குருபாதம் ஒவ்வொரு ராத்திரி ஜெபத்திலும் அந்தப் பானைக்காகவும் ஸ்தோத்திரம் சொல்வது வழக்கமாயிற்று.

போதகர் மாசிலாமணி மாற்றலாகிப் போகுமுன் விடைபெற்றுக்கொள்ள வந்தார். குருபாதத்துக்கு அப்போது முழங்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் மேசையைப் பிடித்தபடிதான் நிற்பார். மூவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். இந்தச் சபையை விட்டுப்போகிறபோது எதற்கு ஸ்தோத்திரம் செய்வது என்று எண்ணினால் முதலில் மிளகாய் நெடிதான் ஞாபகம் வருகிறது என்றார் போதகர். குருபாதம் சிரித்து, தனக்கு எல்லாமே அடுப்படியில் கிடைத்ததுதான், அந்த மணைப்பலகையைப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்தாலும் சம்மதம் என்றார். பெட்டிக்குள் இடம் போதாது என்றாள் தெபோராள்.

போதகர் அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இத்தன வருஷமா நீங்க புத்தகத்தப் பாத்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. புத்தகம் இல்லாம ஒங்களுக்கு வருமா?”

“அவளுக்குத்தான் முதல்ல வந்துச்சு,” என்றார் குருபாதம். “நான் அதுக்குப் பெறகு.”

“அப்ப ஒண்ணு கேக்குறேன். அடுத்த பண்டிகைக்கு இவரால நிக்க முடியாமப் போச்சுன்னா, நீங்க அந்த மேசைக்குப் பின்னால வந்து நிப்பீங்களா?”

குருபாதம் முகத்தைச் சத்தம் வருகிற பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தெபோராள் காலி டம்ளர்கள் மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். வைக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சத்தம் கொடுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். உள்ளிருந்து சங்கீதத்தின் முதல் வரி அவள் குரலில் கேட்டது.